பெல்பாட்டத்துக்கு வைத்த முக்கோணம்

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று பெங்களூரிலிருந்து வந்து, பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் குப்பை வண்டியில் ஏற்றிய மூட்டையோடு முறுக்கு அச்சைச் சுற்றி வைத்திருந்த துணியும் போய்விட்டது. நீலத்தில் மஞ்சள் புள்ளி, முக்கோணமாக இருக்கும். கந்தல்தான், மறுக்கவில்லை. முழங்காலில் கிழிந்த பேண்ட்டைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிற உங்களுக்குக் கந்தல் மேல் ஏன் இத்தனை கோபம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்தத் துணியில் எண்ணெய்ச் சிக்கு வாசனை அடிக்கும். அதை முகர்ந்தால் எனக்கு முறுக்கு ஞாபகம் வராது. பென்னாகரம் ரஹீம் பாயின் தையல் மெஷின்தான் ஞாபகம் வரும்.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே ஓர் உரக்கடையில் வேலையில் இருந்தேன். ஏரியூருக்குப் பெண் பார்க்கப் போக நாள் குறித்தாகிவிட்டது. என்னிடம் இருந்ததோ ஒரே பேண்ட். அறுபதுகளில் என் அண்ணன் தைத்தது, குழாய் மாதிரி இருக்கும். அவனுக்குத் தொப்பை போட்டதும் எனக்கு வந்தது. ஊர்ப் பையன்களெல்லாம் பெல்பாட்டத்தால் தெருவைக் கூட்டிக்கொண்டு போன காலத்தில் நான் மட்டும் கொக்கு மாதிரி நடந்துகொண்டிருந்தேன். இந்தக் கோலத்தில் போனால் பெண் வேண்டாம் என்றுவிடுவாளோ என்று பயம். புதிதாகத் தைக்கலாம் என்று பாயிடம் போனேன்.

"இதுக்கென்னங்க தம்பி கொறச்ச? துணி இன்னும் கல்லாட்டம் இருக்குது" என்று பேண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மொழங்காலுக்குக் கீழ பிரிச்சு, முக்கோணமா ஒரு துணி வெச்சு உட்டா பெல்பாட்டம்."

"இதே கலர்ல துணி இருக்குங்களா பாய்?"

"இதே கலர்ல வெச்சா ஒட்டுன்னு தெரிஞ்சிரும். வேற கலர்ல வெச்சா பேஷனு."

மெஷினுக்கு அடியில் ஒரு சாக்கு கிடக்கும். யார் துணியை வெட்டினாலும் மிச்சம் அதற்குள் போகும், பிறகு இன்னொருவருடைய சட்டைப் பையாகவோ தலையணை உறையாகவோ வெளியே வரும். பாய் முழங்கை வரை கையை விட்டு நீலத் துணியை எடுத்தார். தைத்துப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். சினிமாக்காரன் மாதிரி இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

ஏரியூரில் பெஞ்சில் உட்கார்ந்ததும், பேஷன் தெரியட்டும் என்று காலை நன்றாக நீட்டி வைத்தேன். பெண்ணின் தம்பி, ஐந்தாறு வயசுப் பொடியன், என் காலையே சுற்றிச் சுற்றி வந்தான். திடீரென்று மண்டியிட்டுத் தன் சட்டை நுனியை இழுத்து என் பேண்ட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். நீலம், மஞ்சள் புள்ளி.

"யக்கா! இந்த மாமா என் சட்டய போட்டுனு வந்திருக்காரு!"

அவர்களும் பாயிடம்தான் தைக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னது? கூட வந்த அண்ணன் கூரையில் ஓடு எண்ண ஆரம்பித்தான். பெண்ணின் அப்பா இருமினார். நான் காலைப் பெஞ்சுக்கு அடியில் ஒளிக்கப் பார்த்தேன். பெல்பாட்டம் எங்கே ஒளியும்? சம்பந்தம் போச்சு என்று எழுந்தேவிட்டேன். உள்ளே அடக்க முடியாத சிரிப்பு. பெண் தன் ஆத்தாவிடம் சொன்னது வாசல்வரை கேட்டது.

"பேண்ட்டுல பாதி நம்ம வூட்டுத் துணிதான், ஆத்தா. மீதிய மட்டும் எதுக்கு வெளிய அனுப்பறது? இருந்துட்டுப் போவுட்டும் உடு."

உங்களைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியதும் அதே குரல்தான்.

அந்த பேண்ட் பிறகு, பெரியவனே, உனக்கு டவுசராகி, அப்புறம் காய்கறிப் பையாகித் தேய்ந்தது. முக்கோணம் ஒன்றை மட்டும் அம்மா பிரித்தெடுத்து முறுக்கு அச்சுக்குச் சுற்றினாள். பாய் கடை இருந்த இடத்தில் இப்போது ரெடிமேடு கடை. அங்கே மிச்சத் துணி என்று ஒன்று விழுவதே இல்லை. இப்போது முக்கோணமும் இல்லை.

நேற்று நீங்கள் பஸ் ஏறிய பிறகு அம்மா வெறும் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். திட்டவில்லை. "இத இனி எதுலங்க சுத்தறது?" என்று மட்டும் கேட்டாள். நீ மறந்துவிட்டுப் போன பேண்ட் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, பெரியவனே. போய் அதன் முழங்காலுக்குக் கீழே விரலால் அளந்து பார்த்தாள். இப்போது கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கிறாள். வேண்டுமென்றால் சீக்கிரம் போன் செய்.