என் கன்னத்து மங்கும் லேசர் மிஷினும்

மத்த கடையில சரக்கப் பாத்து வாங்குவாக. தோல் கிளினிக்குல மட்டும் சரக்கு விக்கிறவ மூஞ்சியப் பாத்துத்தான் வாங்குவாக.

நான் தேனி அல்லிநகரத்துல ஒரு தோல் கிளினிக்குல லேசர் வைக்கிறவ. மாடியில ஒரு ஏசி ரூம், ஒரு கட்டில், ஒரு மிஷின், நான். வேண்டாத முடி, பரு வந்துபோன கரும்புள்ளி, இதுக்கெல்லாம் அந்த மிஷின்ல இருந்து வெளிச்சத்தத் தோலுக்குள்ள விடணும். டாக்டரம்மா மதுரையில இருந்து ஞாயித்துக்கிழமை மட்டும் வருவாக. மத்த நாளெல்லாம் அவுக எழுதி வச்சபடி நான் செய்யணும். வேலையில கொறை இல்ல. கொறை என் ரெண்டு கன்னத்துலயும் இருக்கு. மக பொறந்தப்ப கரும்படையா வந்த மங்கு. அவ இப்ப நர்சிங் படிக்கிறா, மங்கு இன்னும் போன பாடில்ல.

அவ படிப்பு என் சம்பளத்துலதான் ஓடுது. இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற போக்கிடம் கெடையாது, இந்த மிஷினத் தவிர எனக்கு வேற எதுவும் கைவராது. வாடிக்கையாளர்கிட்டப் பேச்சு வாங்கிப் பொழைக்கிற மக்களே, பஸ் கண்டக்டரு, பேங்க் கவுண்டரு, ஜவுளிக்கடையில சேலை பிரிச்சுப் போடுறவுக எல்லாரும் கேளுங்க. ஒங்களச் சில்லறைக்குத் திட்டுவாக, சேலையில சாயம் போச்சுன்னு திட்டுவாக. எனக்கு மூஞ்சியே குத்தமாப் போச்சு.

படுத்தவுக எந்திரிச்ச கதை

சின்னமனூர்ல இருந்து ஒரு அம்மா வந்தாக. வீட்டுக்காரருக்கு வாழைக்காய் மண்டி. மேலுதட்டு முடிய எடுக்கணும். விசாரிச்சு, டாக்டரம்மாகிட்டக் காட்டி, நாள் குறிச்சு, நல்ல மனசோடதான் வந்து படுத்தாக. நான் ஜெல்லத் தடவக் குனிஞ்சேன். கண்ணுக்குக் கறுப்பு மூடி மாட்டுறதுக்கு முன்னாடி என் மூஞ்சி அவுக மூஞ்சிக்கு நேரா வந்துருச்சு. அம்புட்டுத்தான், சடக்குன்னு எந்திரிச்சு உக்காந்துட்டாக.

நானும் பொறுமையாச் சொன்னேன். "அம்மா, இது மங்கு. மங்குக்குச் சூடு ஆகாது. இந்த வெளிச்சம் பட்டா இன்னும் கறுத்துப் போகும். எனக்கு வைக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காக. ஒங்களுக்கு முடிதான, அது வேற, இது வேற." தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாக. புரிஞ்சிருச்சுபோலன்னு நெனச்சு மறுபடியும் ஜெல்ல எடுத்தேன். ஒதட்டுல இருந்தத முந்தானையால தொடச்சுக்கிட்டே சொன்னாக:

"ஒங்க மூஞ்சிக்கே ஆகாத மிஷின எம்மூஞ்சிக்கு வைக்க வாறீகளே, இது என்ன ஞாயம்?"

சுத்தம் பண்ணிட்டு வந்த டீச்சர்

கம்பத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல மாதா கோயில் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தவுக. தாடையில முடி. பாவம், பிள்ளைக பாக்குமேன்னு போர்டுல எழுதுறப்பக்கூட ஒரு கையால தாடைய மறைச்சுக்குவாகளாம். சொல்றப்பவே கண்ணு கலங்குச்சு. எனக்கும் மனசு கேக்கல. இவுகளுக்கு எப்பிடியாவது சரி பண்ணி விட்டுறணும்னு உறுதியா இருந்தேன்.

மொத நாளே சொன்னேன். நூல் போடாதீக, பிடுங்காதீக. வேர் உள்ள இருந்தாத்தான் வெளிச்சம் அதப் பிடிச்சுச் சுடும். ரொம்பச் சங்கடமா இருந்தா சவரம் பண்ணிக்கிருங்க. சரி சரின்னாக. ஒவ்வொரு தடவையும் வந்தாக, ஒவ்வொரு தடவையும் நான் வச்சேன், முடி மட்டும் போகவே இல்ல. மிஷினச் சந்தேகப்பட்டேன், கம்பெனி ஆளக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன், டாக்டரம்மாவும் ரத்தப் பரிசோதனை எழுதிக் குடுத்தாக. கடைசியில ஒருநாள் நல்லா வெளிச்சத்துல தாடையப் பாக்குறேன், வழுவழுன்னு கண்ணாடியா இருக்கு, சவரம் பண்ணுன முள்ளுகூட இல்ல. விசாரிச்சா, ஒவ்வொரு தடவையும் இங்க வர்றதுக்கு மொத நாள் சாயங்காலம் கம்பத்துல பார்லருக்குப் போய், நூல் போட்டு வேரோட பிடுங்கிட்டுத்தான் வந்திருக்காக. இல்லாத வேருக்கு நான் இம்புட்டு நாளா வெளிச்சம் காட்டிக்கிட்டு இருந்திருக்கேன். எதுக்கு டீச்சர் இப்பிடிப் பண்ணீகன்னு கேட்டா, தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாக:

"தாடியோட ஒங்க முன்னாடி வந்து படுக்க எனக்கு வெக்கமா இருக்காதா, சிஸ்டர்?"

ஆத்தாவுக்கு ஒரு பங்கு

ஒரே ஒரு ஆளுக்கு நல்லா வந்துச்சு. அதையாவது நிம்மதியாச் சொல்லலாம்னா அதுக்கும் குடுத்து வைக்கல.

கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்காரப் பொண்ணு. கன்னம் பூராம் பரு வந்துபோன கரும்புள்ளி. தோட்டத்து வேலைன்னா வெயிலாச்சேன்னு யோசிச்சேன். "பந்தலுக்குக் கீழதாங்க்கா நாள் பூராம், நெழல்தான்"னு சொல்லுச்சு. அது மாதிரியே வெயில்ல தலகாட்டாம, பூசச் சொன்னதப் பூசி, ஒழுங்கா வந்துச்சு. புள்ளி மங்கிக்கிட்டே வந்துச்சு. கிளினிக்குல எல்லாருக்கும் அந்தப் பிள்ளையக் காட்டிப் பெருமைப்பட்டுக்கிட்டேன். கடைசித் தடவைக்கு நாள் குறிச்சு அனுப்புனேன். நடுவுல சித்திரை வந்துச்சு.

திரும்பி வந்தப்ப எனக்கு அந்தப் பிள்ளைய அடையாளமே தெரியல. மொதல்ல இருந்ததவிடக் கறுத்துப் போய் நிக்கிது. மிஷின் வேலை நல்லபடியா முடியணும்னு ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டு, வீரபாண்டித் திருவிழாவுல அக்கினிச்சட்டி எடுத்திருக்கு. உச்சி வெயில்ல, எரியுற சட்டிய ரெண்டு கையில ஏந்தி, தணலு நேரா மூஞ்சில அடிக்க, ஆத்துல இருந்து கோயில் வரைக்கும் நடந்திருக்கு. சூடே ஆகாதுன்னு நான் சொன்னது சமையக்கட்டு அடுப்பத்தான்னு நெனச்சிருக்கு. அது கோவப்படவும் இல்ல, அழுகவும் இல்ல, மெதுவாத்தான் சொல்லுச்சு:

"மிஷினு பாதி, ஆத்தா பாதின்னு நெனச்சேங்க்கா. ரெண்டு பேரும் சேந்து கைவிட்டுட்டாகளே."

பொட்டிப்புரத்து அப்பா

இது நடந்து கொஞ்ச நாள்ல பொட்டிப்புரத்துல இருந்து ஒருத்தர் மகளக் கூட்டிட்டு வந்தாக. கை முடிய எடுக்கணும். அந்தப் பிள்ளைக்கு ஆசை, அப்பாவுக்கு அரை மனசு. அன்னைக்கின்னு பாத்து மொதலாளியும் முன் ரூம்ல உக்காந்திருந்தாரு. மொதலாளிக்குப் போடியில ஏலக்காய் யாவாரம். யாரோ சொன்னாகன்னு இந்த மிஷின வாங்கிப் போட்டுட்டு, போட்ட காசு எப்ப வருமோன்னு தெனமும் வாசலப் பாத்துக்கிட்டு இருக்கவரு.

பொட்டிப்புரத்துக்காரர் மிஷினச் சுத்திச் சுத்தி வந்தாக. இது என்னம்மா, கதிரான்னு கேட்டாக. வெளிச்சந்தாங்கய்யா, டார்ச் லைட்டு மாதிரி, கொஞ்சம் வீரியமான வெளிச்சம்னு சொன்னேன். அவுக ஊருக்குப் பக்கத்து மலையக் கொடஞ்சு ஆராய்ச்சிக்கூடம் கட்டப் போறாக, கதிர் கெளம்பி ஊரையே கருக்கிரும்னு பேச்சு வந்ததுல இருந்து, அந்த ஊருக்காரவுககிட்டக் கதிருன்னு வாயத் தொறக்கவே முடியாது. நான் அந்த வார்த்தையச் சொல்லவே இல்ல, அவுகளாத்தான் சொன்னாக. அப்புறம் என் மூஞ்சிய உத்துப் பாத்தாக. மக கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, மொதலாளி காதுல விழுகுற மாதிரியே சொன்னாக:

"வேணாம்த்தா, வா போவோம். இந்தம்மா கன்னத்தப் பாரு, தெனமும் அதுகிட்ட நின்னு நின்னு எப்பிடிக் கருகிப் போயிருக்குன்னு."

தரம் பிரிச்ச மொதலாளி

அவுக படியிறங்குனதும் மொதலாளி வாசல் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தாரு. அப்புறம் என்னையக் கூப்பிட்டாரு. கன்னத்துல இருக்க மங்க மிஷின் வச்சு எடுத்துக்க, இல்லாட்டி மிஷின் பக்கம் நிக்காதன்னாரு. எடுக்க முடியாதுங்க, கிரீமு பூசி மெதுவாத்தான் மங்கும், வெளிச்சம் வச்சா வம்பாப் போயிரும்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாக. இவளுக்கு மிஷின் வச்சீகன்னா நான் இங்க வரமாட்டேன்னு வரைக்கும் சொன்னாக. அந்த மகராசி நல்லாருக்கணும்.

ஆனா மகராசி சாயங்காலம் மதுரைக்குக் கார் ஏறிட்டாக, மொதலாளி இங்கனதான இருக்காரு. வீட்டுல மகளுக்குப் போன் போட்டு, ஒன் படிப்பு முடிய இன்னும் எம்புட்டு நாளாகும்த்தான்னு கேட்டேன். எதுக்கும்மான்னு கேட்டா. சும்மாத்தான்னு சொல்லிட்டு வச்சுட்டேன். ராப்பகலா கிரீமு, முக்காடு, கொடை. பஸ்ல சன்னலோரம் எடம் கெடச்சாலும் உக்காரமாட்டேன். மங்கு அசைஞ்சு குடுக்கல. மொதலாளி தெனமும் காலையில என் கன்னத்தப் பாப்பாரு, கையில ஏலக்காயப் போட்டு உருட்டிப் பாக்குற மாதிரியே பாப்பாரு. ஒருநாள் சொல்லியே போட்டாரு:

"காயி பச்சையா இருந்தாத்தான் வெலை. வெளுத்த காய உள்ள வைக்கலாம், மேல வைக்கலாமா?"

பஸ் ஸ்டாண்டுல நான்

பெறகு ஒருநாள் என்னைய ஒரு போட்டோ எடுத்தாக. கிளினிக்குல எல்லாருக்கும் எடுக்குறதுதான், மொத நாள் மூஞ்சி எப்பிடி இருந்துச்சுன்னு டாக்டரம்மா பாக்குறதுக்கு. எனக்கும் கிரீமு வேலை செய்யுதான்னு பாக்கத்தான் எடுக்குறாகபோலன்னு நெனச்சேன். மனசுக்குள்ள ஒரு சந்தோசங்கூட. சரி, மனுசன் கொஞ்சம் பொறுத்துக்கிறாரேன்னு.

அடுத்த வாரம் பஸ்ஸ விட்டு எறங்குறேன், பஸ் ஸ்டாண்டுல பெரிய பிளெக்ஸ் போர்டு. அதுல ரெண்டு நான். இடது பக்கம் மங்கோட, 'முன்'னு போட்டு. வலது பக்கம் மங்கு இல்லாம, நெறமும் ஏறி, 'பின்'னு போட்டு. அதே சேலை, அதே பொட்டு. கம்ப்யூட்டர்ல தொடச்சு எடுத்திருக்காக. கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அம்புட்டு அழகா இருந்ததில்ல. பாத்துக்கிட்டே நின்னேன். கிளினிக்குக்குப் போய் இது பொய்யில்லையாங்கன்னு கேட்டேன். மொதலாளிக்குக் கோவமே வரல, சிரிச்சுக்கிட்டே சொன்னாரு:

"ஒனக்கு வைக்கக் கூடாதுன்னுதான டாக்டரம்மா சொன்னாக. ஒன் போட்டோவுக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

தங்கச்சி

போர்டு நல்லா வேலை பாத்துச்சு. மாடிப்படியில கூட்டம் நின்னுச்சு. வந்தவுகெல்லாம் என்னையப் பாத்தாக, பெறகு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. போடியில இருந்து வந்த ஒரு அக்காதான் வாய் விட்டுக் கேட்டாக, "பஸ் ஸ்டாண்டு போர்டுல இருக்கது ஒங்க தங்கச்சியா?"ன்னு. மொதலாளி என்னையப் பாத்தாரு. எனக்கு மக நெனப்பு வந்துச்சு. ஆமாக்கா, தங்கச்சிதான்னு சொன்னேன். சொன்ன வாய் எனக்கே கசந்துச்சு, ஆனா வேலை தப்பிச்சிருச்சுன்னு நெனச்சேன். அந்தக்கா கட்டில்ல படுக்கல. ஒங்க தங்கச்சியவே வரச் சொல்லுங்க, அவுக வச்சாத்தான் எனக்குத் திருப்தின்னுட்டாக.

அந்தக்கா மட்டுமில்ல. ஒருத்தர் கேட்டதப் பாத்து அடுத்தவுகளும் கேட்டாக. கொஞ்ச நாள்ல மொதலாளி குமுளியில இருந்து ஒரு பிள்ளையக் கூட்டியாந்தாரு. நல்ல நெறம், பியூட்டி பார்லர்ல இருந்த பிள்ளை, வந்தவுக யாரும் அதுகிட்டக் கேள்வி கேக்கல. கறுத்த தோலுக்கு எம்புட்டு வைக்கணும்னு தெரியுமான்னு கேட்டேன். "அதெல்லாம் மிஷினே பறயும் சேச்சி"ன்னு, மிஷினே சொல்லிரும்னு மலையாளத்துல சொல்லிச் சிரிச்சுச்சு. அளவு கூடிப்போனா தோலு வெந்துருமே, அந்தக் கட்டில்ல படுக்கப் போற ஒவ்வொரு மூஞ்சியும் என் கண்ணு முன்னாடி வந்துச்சு. மொதலாளிகிட்டப் போய், என்னைய உள் ரூம்லயாவது வச்சுக்கிருங்க, அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கவாவது இருக்கேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அவரு ரொம்பத் தன்மையாத்தான் சொன்னாரு:

"நீதான் போர்டுல இருக்கேல்ல, அது போதும்த்தா. ஆளு இங்கன வேணாம்."

ஆகக்கூடி, தேனியில என் மூஞ்சிக்கு இன்னைக்கும் வேலை இருக்கு, எனக்குத்தான் இல்ல.