குடியொழிப்புப் படவிழாவும் ஒரு பத்துச்சீட்டும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதி. நான் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். பேசும் படம் எங்கள் ஊருக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகை. மழை பிடித்தால் படத்தில் பேசுவது எதுவும் காதில் விழாது. ஆனாலும் எங்களுக்கு அதைவிடப் பெரிய இடம் வேறு இருக்கவில்லை.

வகுப்பில் நாங்கள் நான்கு பேர் சிநேகிதர்கள். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சாராயக்கடை. சம்பள நாளில் தேயிலைத் தோட்டத்து ஆண்கள் பாதிப்பேர் அங்கேதான் கிடப்பார்கள். குடியின் கேட்டைக் காட்டும் படங்களாகத் தேடிப் பிடித்து மூன்று ஞாயிறு மதியங்களில் காட்டினால் என்ன என்று எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பேசும் படமும் இரண்டு பேசாப் படங்களும் கொழும்பிலிருந்து கிடைக்கும் என்று தெரிந்தது. நாங்களே நோட்டீஸ் எழுதினோம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் யார் மேடையேறிப் பேசுவது என்று சண்டைகூடப் போட்டுக்கொண்டோம். அந்த உரிமை எனக்குத்தான் கிடைத்தது.

கொட்டகை முதலாளிக்கு நம்பிக்கை இல்லை. "சாமி படம்னா சனம் வரும். குடிக்காதேன்னு சொல்றதைக் கேக்க எவன் வருவான்? மொத ஞாயிறு கொட்டகை நெறையலைன்னா மத்த ரெண்டும் கெடையாது, தம்பி" என்றார்.

கொட்டகையை நிறைப்பது என் பொறுப்பாயிற்று. எனக்கு நினைவு வந்தது, எங்கள் கடைக்குச் சேலை எடுக்க வரும் ஒரு அக்கா. ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி உள்ள தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். இரண்டு பிள்ளைகள். புருஷன் குடித்தே வீட்டை அழிப்பதாக அம்மாவிடம் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அந்த மனுசனை எப்படியாச்சும் கூட்டியாந்து உக்கார வச்சிடறேன். எங்க லயத்துப் பொம்பளைங்களையும் கூட்டியாறேன்" என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. கொழுந்து மிகுந்த காலம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் எல்லாரும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டிருந்தார். நான் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரைப் பார்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைக்காமலே, "துரைகிட்ட கேட்டுப் பாக்குறேன்" என்றார். அதன்பிறகு அவரிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. இரண்டாம் முறை போனபோது அவர் ஆபீசில் இல்லை.

சனிக்கிழமை மாலை, தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். பெண்கள் வேலை முடிந்து வந்து வாசலில் நின்றிருந்தார்கள். அக்கா கேட்டார்: "துரை என்னா சொன்னாங்க தம்பி?"

மேடையில் பேசப்போவதை வாரம் முழுக்க மனப்பாடம் செய்திருந்தேன். காலி நாற்காலிகளிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சரின்னுட்டாங்க" என்றேன்.

"நெசமாவா? அப்புறம் வேலைய விட்டு நிப்பாட்டிற மாட்டாங்களே?"

"நான் பொறுப்பு அக்கா."

மறுநாள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தலை சீவி, பூ வைத்து, பிள்ளைகளோடு வந்தார்கள். அக்காவின் புருஷன் சலவை வேட்டியில் வந்து கடைசி வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். ஊர்ச்சனமும் சேர்ந்து கொட்டகை நிறைந்துவிட்டது. நான் பேசினேன், கை தட்டினார்கள். படத்தில் குடிகாரத் தகப்பன் பிள்ளையைப் பறிகொடுக்கும் இடத்தில் அந்த மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அன்று என்னைவிட மகிழ்ச்சியான ஆள் ஹட்டனில் இருந்திருக்க மாட்டான்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் துரை நேரில் வந்து நின்றிருக்கிறார். மற்றப் பெண்களுக்கு அந்த வாரம் வேலை இல்லை. எல்லாரையும் திரட்டிக்கொண்டு போனவர் என்று அக்காவின் குடும்பத்துக்கு மட்டும் பத்துச்சீட்டு. அந்தச் சீட்டைக் கொடுத்துவிட்டால் தோட்டத்தில் வேலையும் இல்லை, லயத்தில் இருக்க இடமும் இல்லை.

எனக்குச் செய்தி தெரிய மூன்று நாள் ஆயிற்று. ஓடிப்போய்ப் பெரிய கிளாக்கரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நான் எப்ப சரின்னு சொன்னேன்? யாரு சொல்லிப் போனீங்கன்னு துரை அந்தப் பொம்பளைகிட்ட மூணு தரம் கேட்டாரு. நாங்களாத்தான் போனோம்னு சொல்லிட்டா. இப்ப நீங்க வந்து என்னா செய்ய?" என்றார்.

நானே துரையிடம் சொல்கிறேன் என்று பங்களாவுக்குப் போகும் பாதையில் பாதித் தூரம் நடந்தேன். பள்ளிக்குத் தெரிந்துவிடும், அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்ற நினைப்பு வந்தது. திரும்பிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் கொத்மலைப் பக்கம் கேட்டுப் பார்த்தார்கள், உடப்புசல்லாவைவரை நடந்தார்கள். சொல்கேளாதவர்கள் என்று சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து எந்தத் தோட்டமும் எடுக்கவில்லை. கடைசியில் இந்தியாவுக்கே போவது என்று முடிவாயிற்று.

ஹட்டன் ஸ்டேஷனில் அவர்களைப் பார்த்தேன். இரண்டு மூட்டை, ஒரு அண்டா, பிள்ளைகள். "அக்கா, நான் சொன்னது பொய்" என்றேன்.

"தெரியும். பெரட்டுலயே தெரிஞ்சி போச்சு."

"பிறகு ஏன் என் பேரைச் சொல்லவில்லை?"

"சொன்னா வேலை திரும்பக் கெடைச்சிருமா?" அவர் குரலில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. பிள்ளையின் மூக்கைத் துடைப்பதற்குத் திரும்பிக்கொண்டார்.

புருஷன்தான் என்னிடம் பேசினார். படம் பார்த்த நாளிலிருந்து அவர் குடிக்கவில்லையாம். "திருச்சிப் பக்கம்னு எங்கப்பா சொல்லுவாரு. எந்த ஊருன்னு தெரியாதுங்க தம்பி. நான் பொறந்ததே இங்கதான். அங்க இறங்கி யாருகிட்ட என்னான்னு கேக்கறது?" என்றார். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லுவேன் என்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னார் போக வண்டி வந்தது. ஏறினார்கள்.

இதற்கிடையே மற்ற இரண்டு ஞாயிறும் படவிழா நடந்திருந்தது. முதலாளி எங்களைப் பாராட்டினார். மேடையில் வேறொரு சிநேகிதன் பேசினான். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். பிறகு நான் பரீட்சை தேறினேன், கடையைப் பார்த்தேன், கல்யாணம் செய்தேன், பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். அக்கா குடும்பத்தார் நால்வரும் கரையேறி எந்தப் பக்கம் நடந்தார்கள் என்று கேட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் சொன்ன பொய்க்காக அவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள், நான் எதையுமே இழக்கவில்லை என்பதைத்தான் இந்த வயதிலும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.