நெல்சன் காசு வாங்காத வாட்ச்

காரைக்கால் மாதாகோவில் தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கும் நெல்சனின் வாட்ச் கடைக்கும் நடுவே ஒரே சுவர். நான் நகல் எடுத்துப் பிழைக்கிறவன். நகல் என்றால் எனக்கு இளக்காரம் கிடையாது. நெல்சன் என்னைவிட மோசம். நகலைக் கட்டிக்கொண்டு திரிபவர்கள் மேல் அவனுக்கு இரக்கம்.

எங்கள் ஊரில் பல வீடுகளுக்குப் பிரான்சில் ஓர் ஆள் உண்டு. அதனால் விலை உயர்ந்த சுவிஸ் வாட்சும் வரும், அதே பெயர் போட்ட டூப்ளிகேட்டும் வரும். நெல்சன் முதலில் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பான். பிறகு நொடிமுள். ஒரிஜினலில் அது வழுக்கிக்கொண்டு போகும், மலிவான டூப்ளிகேட்டில் தத்தித் தத்திப் போகும். இப்போது டூப்ளிகேட்காரனும் முள்ளை வழுக்க வைத்துவிட்டான். பின்மூடியைத் திறந்து மெஷினைப் பார்த்தால்தான் முடிவாகத் தெரிகிறது. திறந்து பார்க்க இருநூறு ரூபாய். டூப்ளிகேட் என்று தெரிந்துவிட்டால் மட்டும், எதிரே நிற்கும் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவனுக்கு மனசு வராது. மூடித் துடைத்துக் கொடுத்து, "காசு வேணாங்க, போங்க" என்பான். இருபது வருஷமாக இதே கதை. நெல்சன் காசு வாங்காவிட்டால் வாட்ச் டூப்ளிகேட் என்பது ஊருக்கே தெரியும். தெரியாதவன் நெல்சன் ஒருவன்தான்.

போன தை மாதம் அவனுடைய ஞானமகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தியவன் என்ற பெருமை அவனுக்கு இன்னும் குறையவில்லை. அவள் அப்பா சந்தனசாமி மின்துறையில் லைன்மேன். பிரான்சில் இருக்கும் அண்ணன் அனுப்பிய அசல் சுவிஸ் வாட்சை அவர் மாப்பிள்ளை கிளாட்வினுக்குப் போட்டார். கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்து கிளாட்வின் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினான். நான்காம் நாள் எடுத்தால் நின்றுபோயிருந்தது.

அவன் அம்மா சலோமி அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கோட்டுச்சேரியிலிருந்து வந்தார். நெல்சன் திறந்து பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அசல் சரக்குக்கா. இதுல பேட்டரி கிடையாது, கை அசையிறதுல தானா சுத்திக்கும். கழட்டி வச்சா ரெண்டு நாள்ல நின்னுடும். தம்பிய கட்டிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க."

"எவ்வளவு தம்பி?"

"நம்ம பொண்ணு வீட்டுல காசு வாங்குவேனா? போங்கக்கா."

சலோமியின் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் யாருடைய ஆதார் அட்டையையோ நகலெடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் எனக்கு என் மேல் இன்னும் இருக்கிறது.

பத்து நாள் கழித்து சந்தனசாமி வந்தார். சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடவில்லை.

"நெல்சன், அது டூப்ளிகேட்டா? 'உங்கப்பா ஏமாத்திட்டாரு'ன்னு எம் பொண்ணப் பெட்டியோட அனுப்பிட்டாங்க."

"ஒரிஜினல்னு சொல்லித்தானே அனுப்புனேன்!"

"நீ ஞானத்தகப்பன், மூடி மறைக்கத்தான் செய்வன்னு சொல்றாங்க. நீ காசு வாங்கலையாமே?"

நெல்சன் திருதிருவென்று விழித்தான். அவன் காசு வாங்காவிட்டால் டூப்ளிகேட் என்று இருபது வருஷமாக ஊர் கணக்குப் போட்டு வைத்திருந்ததை அப்போதுதான் நான் அவனிடம் சொன்னேன். திறந்து கிடந்த வாட்சுகளை அப்படியே போட்டுவிட்டு என் பைக்கில் ஏறி உட்கார்ந்தான்.

கோட்டுச்சேரியில் சலோமி எங்களை உட்காரச் சொல்லவில்லை. நெல்சன் நின்றபடியே கையை நீட்டினான்.

"வாட்ச் தொறந்து பாத்த கூலி எரநூறு ரூபா. குடுங்கக்கா."

"அன்னைக்கு வேணாம்னீங்களே?"

"பாசத்துல சொல்லிட்டேன். குடுங்க."

சலோமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். நெல்சன் ஞானமகளுக்காகப் பொய் சொல்லலாம். டூப்ளிகேட்டுக்குக் காசு மட்டும் வாங்க மாட்டான். அது அவருக்கும் தெரியும். உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தார்.

"இன்னைக்கே மருமவள அழைச்சிட்டு வரச் சொல்றேன் தம்பி" என்றார். குரல் இறங்கியிருந்தது.

நேரே சந்தனசாமி வீட்டுக்குப் போனோம். நெல்சன் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நோட்டை ஜெனிட்டாவிடம் காட்டினான். அவள் சிரிக்கவில்லை.

"ஒரிஜினல்னு தெரிஞ்சதும் கூப்புடுறாங்க. சரி மாமா, டூப்ளிகேட்டா இருந்திருந்தா நான் இங்கயே கெடக்க வேண்டியதுதானா?"

நெல்சன் நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சாயங்காலம் வந்த கிளாட்வினிடமும் அவள் அதையேதான் கேட்டாள். "தப்புதான் ஜெனி" என்று அவன் தலைகுனிந்து சொன்ன பிறகுதான் பெட்டியை எடுத்தாள்.

மறுநாள் ஒருவர் பளபளவென்று ஒரு வாட்ச் கொண்டுவந்தார். நெல்சன் திறந்தான், பார்த்தான், மூடித் துடைத்தான். வழக்கமான "போங்க" வரும் என்று நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"டூப்ளிகேட்டுங்க" என்றான், அவர் முகத்தைப் பார்த்து. "டைம் காட்டுறதுல ஒரு கொறையும் இல்ல. தாராளமா கட்டுங்க. எரநூறு ரூபா குடுங்க."