கதாயுதம் வளைந்த படம்

எழுபதுகளின் கடைசி. மானாம்பதியில் வாக்கப்பட்டிருந்த எனக்கு முதல் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் தவறிவிட்டது. நான்கு மாதமாகியும் என் மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவளுக்குச் சோறு போட்டேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை, தட்டை நங்கென்றுதான் வைப்பேன்.

அப்போது உத்திரமேரூர் கொட்டகைக்கு ஒரு படம் வந்தது. போஸ்டரில் கிரீடம், கதாயுதம், தேர். எங்கள் இருவருக்கும் எழுத்துக்கூட்டத் தெரியாது. சாமி படம் என்று மாமியார் முடிவுகட்டிவிட்டாள். சாமி படத்துக்கு எங்கள் பக்கம் சும்மா போகமாட்டார்கள். தலைக்குக் குளித்து, பட்டினி கிடந்து, திரையில் சாமி வரும்போது கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொள்வார்கள்.

"அடுத்ததாவது தங்கணும்னு வேண்டிக்கோ" என்று என்னை மேட்னிக்கு இழுத்துக்கொண்டு போனாள். போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, அடுத்ததற்கு மட்டும் அவசரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படம் ஆரம்பித்தது. ராஜா கதாயுதத்தை ஓங்கினான். பஞ்சு அடைத்த அது நடுவில் வளைந்து அவன் முதுகிலேயே விழுந்தது. தேரை இழுத்தவை கழுதைகள். அரக்கன் தும்மினான், மீசை பறந்தது. அது சாமி படமே இல்லை, ராஜா கதையைக் கேலி செய்யும் சிரிப்புப் படம். மாமியார் கற்பூரமும் தீப்பெட்டியுமாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமே, சாமி எப்ப வரும்?"

"தெரியல அத்த."

கிரீடம் கழுத்துவரை இறங்கிச் சிக்கிக்கொள்ள, நான்கு சேவகர்கள் ராஜாவைக் கீழே தள்ளி அதைப் பிடித்து இழுத்தார்கள். நான் சிரித்துவிட்டேன். அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டுச் சிரிக்கிறாள் பார் என்று இவளே ஊரெல்லாம் சொல்வாளே. பயந்துபோய்த் திரும்பினேன். மாமியாரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்கு நின்றபோது நானாகவே சொன்னேன். "தப்புதான் அத்த, சிரிச்சிட்டேன்."

அவள் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். "எனக்கு மூணு போச்சிமே, உன் வூட்டுக்காரன் பொறக்கறதுக்கு முன்ன. அழுதாலும் திட்டுவாங்க, சிரிச்சாலும் திட்டுவாங்க. வாய மூடிக்கினே இருந்து அப்டியே பழகிடுச்சி."

மூன்று. அந்த வீட்டில் ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"அதுங்களுக்குப் பேரு வெச்சியா அத்த?"

"ஒண்ணுக்குத்தான் வெச்சோம்" என்று அந்தப் பெயரைச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை சொன்னாள். பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏறவில்லை.