மாமாவுக்குக் கிடைக்காத விசா

எங்கள் வீட்டு டிவிடி பிளேயர் மஸ்கட்டிலிருந்து வந்தது. அப்பா விடுமுறைக்கு வந்தபோது அதைக் கம்பளிப் போர்வைக்குள் சுற்றி, திருவனந்தபுரத்திலிருந்து காரில் வரும் வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தார். முட்டத்தில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் பிளேயர். கூடவே வந்த விளக்கப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை வாசித்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒரு படம் பார்க்க ஆசை வந்தால்கூட நான் பள்ளிவிட்டு வரும்வரை காத்திருப்பாள். ரிமோட் என் கையில் இருந்தது. அந்தச் சின்ன அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இங்கே சொல்லப்போகும் தவறில் அதற்கும் பங்குண்டு.

மாமி, அதாவது அப்பாவின் தங்கை, இரண்டு வீடு தள்ளி இருந்தாள். மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரர். கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது, தம்பியின் வள்ளத்தைக் கரையேற்றக் கைகொடுக்கப் போனார். வள்ளம் சரிந்து வலது காலில் விழுந்தது. மாவுக்கட்டைப் பிரித்த கொஞ்ச நாளிலேயே கம்பெனி கூப்பிட்டுவிட்டது. நொண்டிக்கொண்டுதான் பஸ் ஏறினார். அதன்பிறகு போனில் பேசும்போதெல்லாம், கால் சரியாகிவிட்டது, இப்போது கப்பலில் பந்து விளையாடுகிறேன் என்று அளப்பார். மாமி நம்பினாளா என்று தெரியாது. ஒருநாள் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. இரும்புப் படியிலிருந்து தவறி விழுந்து மாமா இறந்துவிட்டார். உடல் வரவில்லை. பெயரைச் சரியாகச் சொல்லக்கூட எங்களுக்கு வராத ஒரு துறைமுகத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

ஒரு வருடம் கழிந்திருக்கும். மாமாவின் உறவுக்காரர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். சரக்குக் கப்பல் வாழ்க்கையைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எடுத்த ஒரு படம் அங்கே அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதில் மாமா வருகிறார், அதுவும் அந்தக் கடைசிப் பயணத்தில். அந்த உறவுக்காரர் உடனே ஒரு டிவிடியை வாங்கி மாமிக்கு அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து தெருவே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. மாமி கோயிலுக்கு உடுத்த வெள்ளைச் சேலையோடு வந்து, டிவிக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நாற்காலி போட்டோம், வேண்டாம் என்றாள்.

“அவரு பேசாண்டாம் மக்கா. ஒருக்கா நடந்து வரத பாத்தா போரும். அவருக்க காலு எப்படி இருக்குன்னு எனக்குப் பாக்கணும்.”

நான் டிவிடியைத் தட்டில் வைத்தேன். அது உள்ளே போய்ச் சற்று முனகியது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. இந்த வட்டாரத்தில் இதை இயக்க அனுமதி இல்லை. எடுத்துத் துடைத்து மறுபடியும் போட்டேன். அதே வரி.

எதிர்வீட்டுப் பெரியப்பா பாதி ஆயுளைக் குவைத்தில் கழித்துவிட்டு வந்தவர். அவர்தான் நோயைக் கண்டுபிடித்தார்.

“ஏலே, டிவிடி அமெரிக்கா பாஸ்போர்ட்டு, பெட்டி மஸ்கட்டு பாஸ்போர்ட்டு. விசா அடிக்காம அனுப்பியிருக்கான். எமிக்ரேசன்ல புடிச்சு வச்சாச்சு.”

வீடு சிரித்தது. மாமியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள் மட்டும் உண்மையாகவே கேட்டாள். “அப்போ யாருகிட்ட போயி கேக்கணும்?”

பெரியப்பா சொன்னது ஏறக்குறைய சரிதான். படக் கம்பெனிக்காரர்கள் உலகத்தை ஆறு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். அமெரிக்கா ஒன்று, அரபு நாடுகள் இரண்டு, நாம் ஐந்து. ஒரு துண்டில் விற்ற படம் இன்னொரு துண்டின் பெட்டியில் ஓடக்கூடாது. இதை நான் மாமிக்கு விளக்கினேன். இறந்துபோன மனிதரைப் பார்ப்பதற்கும் எல்லை போட்டிருக்கிறார்களே என்று அவள் வியந்தாள். கோபப்படவில்லை.

அடுத்த நாளே பள்ளிவிட்டு வரும் வழியில் வடசேரியில் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வழி சொன்னார். தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்த வேண்டும். ஒளித்து வைத்த ஒரு பக்கம் திரையில் வரும். அதில் வட்டார எண்ணைப் பூச்சியம் ஆக்கிவிட்டால் பெட்டி எந்த நாட்டு டிவிடியையும் ஏற்றுக்கொள்ளும். பூட்டுப் போட்டவனே சாவியையும் உள்ளே வைத்திருக்கிறான் என்று சொல்லிச் சிரித்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் தனியாகச் செய்து பார்த்துவிட்டு, பிறகு எல்லோர் முன்னாலும் ஒன்றும் தெரியாதவன்போல ரிமோட்டை அழுத்தி அசத்த வேண்டும் என்று திட்டம். சனிக்கிழமை மத்தியானம் அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். டிவிடி மாமியின் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. கடைக்காரர் சொன்னபடி செய்தேன். ஓடியது.

கடல் வந்தது, பெட்டிகள் அடுக்கிய கப்பல் வந்தது, யார் யாரோ பேசினார்கள். பிறகு சமையலறை. ஒரு மேசைக்குப் பின்னால் நின்று மாமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தடித்திருந்தார். நெற்றியைப் புறங்கையால் துடைக்கும் அதே பழக்கம். படமெடுப்பவர்களில் ஒருவர், ஊரில் மனைவி காத்திருக்கிறாரா என்று கேட்டார். மாமா பக்கத்தில் நின்ற கூட்டாளியைப் பார்த்தார். மனைவி இல்லை, வீடும் இல்லை, வெங்காயம் மட்டும்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

நான் நிறுத்தினேன்.

வெள்ளைச் சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்த மாமிதான் கண்முன் வந்தாள். மாமா அவளை இல்லை என்று சொல்லிவிட்டார், அதுவும் சிரித்துக்கொண்டே. இதைத் தெருவே கூடியிருந்து கேட்கப்போகிறது. மறுபடியும் தட்டைத் திறந்து, எண்களை அழுத்தி, பூச்சியத்தை இரண்டாக மாற்றினேன். அன்று சாயங்காலமே மாமியிடம் போய், கடையில் விசாரித்தேன், இந்த டிவிடி நம் நாட்டில் எந்தப் பெட்டியிலும் ஓடாதாம் என்றேன். இனி ஒருபோதும் ஓடாதா என்று கேட்டாள். ஓடாது என்றேன். ஆங்கிலம் படிக்கிற பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் வேறு யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு வருத்தமாக இல்லை. ஒரு பெரிய மனிதனைப் போலத் தெருவில் நடந்து வந்தது நினைவிருக்கிறது. மாமியை நான் காப்பாற்றிவிட்டேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். அன்று எங்கள் ஊரில் எல்லோரும் அவரவர் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். மாமிக்குக் கொளுத்த இடமில்லை. முந்தின வருடம் குருசடியில், தெருமுனைச் சிலுவையின் முன்னால், கொளுத்திவிட்டு வந்தாள். இந்த வருடம் டிவிடியை எடுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். எப்படியும் இது ஓடாது சாமி, இதுக்குள்ளதான் அவரு இருக்காரு, இதை அடக்கம் பண்ணித் தரணும் என்று.

சாமியார் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு சரி என்றார்.

கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில், கடல் தெரியும் இடத்தில், மணலில் ஒரு சிறு குழி. மாமாவின் நீலச் சட்டையில் அந்த டிவிடியை உறையோடு சுற்றியிருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். குவைத்துப் பெரியப்பா அன்று ஒரு வேடிக்கையும் பேசவில்லை. மெழுகுதிரி என் கையில் இருந்தது. காற்று அதை அணைக்காமல் மற்றக் கையால் மறைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். தட்டைத் திறந்து நாலு எண் அழுத்தினால் ஓடும் என்று சொல்லியிருந்தால் குழியிலிருந்து எடுத்திருப்பார்கள். மாமி முதல் பிடி மண் போட்டாள். நான் இரண்டாவது ஆளாகப் போட்டேன்.

போன வருடம் மாமி எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். எனக்கு முன்முடி நரைத்துவிட்டது, அவளுக்குக் கண் மங்கிவிட்டது. என் மகள் போனில் எதையோ தேடிவிட்டு, உங்கள் நாட்டில் கிடைக்காது என்று வருகிறதே என்று சலித்துக்கொண்டாள். மாமி என்னவென்று கேட்டு, புரிந்ததும் சிரித்தாள். “மாமனுக்க டிவிடி மாதிரியா?”

மகள் எழுந்து போனதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். படம் ஓடியதை, மாமா சொன்ன வார்த்தையை, நான் சொன்ன பொய்யை. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“அதுவா?” என்றாள். “அது எனக்கிட்டயே சொல்லுவாரு. கப்பல்ல ஏறினா எல்லாவனுக்கும் பொண்டாட்டி கெடையாது மக்கா. ஊருக்கு வந்து நடிச்சுக் காட்டிச் சிரிப்பாரு.”

அவ்வளவுதான். நான் பாதி வாழ்நாள் சுமந்தது அவளுக்குப் பழைய வேடிக்கை. நான் நிமிர்ந்தபோது அவள் சற்று முன்னால் குனிந்திருந்தாள்.

“காலு எப்படி மக்கா இருந்துது? நொண்டுனாரா?”

மாமா மேசைக்குப் பின்னால்தான் நின்றார், இடுப்புக்குக் கீழே தெரியவில்லை என்றேன். அப்புறம் நடந்திருப்பாரே என்றாள். நடந்திருக்கலாம், நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன் என்றேன்.

“அப்போ நீயும் பாக்கல்ல.”

பிறகு எனக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொன்னாள். “கால் சொகமாவட்டு, ரெண்டு மாசம் கழிச்சுப் போறேன்னாரு. கம்பெனிக்காரன வெறுப்பிக்காண்டாம், போங்கன்னு சொன்னது நாந்தான்.”

அந்தப் படத்தை அதன்பிறகு எங்கெல்லாமோ தேடினேன், கிடைக்கவில்லை. அதன் பெயர் யாருக்கும் நினைவில்லை. அனுப்பியவர் உயிரோடு இல்லை. மாமி சம்மதித்து நாங்கள் மணலைத் தோண்டவும் போனோம். கடலரிப்பில் அந்த ஓரம் எப்போதோ போய்விட்டது.

பதின்மூன்று வயதில் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. மாமிக்கு ஆங்கிலம் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று படத்தை ஓட விட்டிருந்தால், மாமா சொன்ன அந்த வரி அவள் காதில் வெறும் சத்தமாகப் போயிருக்கும். எல்லோரும் மாமாவின் முகத்தைப் பார்த்திருப்பார்கள். அவள் மட்டும் தரையில் உட்கார்ந்து, திரையின் அடிப்பகுதியைப் பார்த்தபடி, அவர் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவதற்காகக் காத்திருந்திருப்பாள்.