பெண் பார்க்கும் நாளில் ஒரு தொடர்கதைச் சண்டை

எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. அப்பாவுக்கு ஒரு மிஷன் பள்ளி விடுதியில் ஸ்டோர் கீப்பர் வேலை. பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டில் இருந்தோம். அவர் ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. வீட்டைக் காலி செய்வதற்குள் என்னைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தூக்கமே இல்லை.

எனக்கோ வேறு கவலை. ஒரு வார இதழில் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்த இதழ் வியாழக்கிழமையே வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். எங்களுக்கு மலையேறி வர வெள்ளி சாயங்காலம் ஆகும். மழையில் ரோட்டில் மண் சரிந்துவிட்டால் சனிக்கிழமைதான். அதற்குள் கீழேயிருந்து யாராவது வந்து கதையைச் சொல்லித் தொலைத்துவிடுவார்களோ என்று வெள்ளிக்கிழமைகளில் நான் யாரிடமும் அதிகமாகப் பேசுவதில்லை.

கதை இதுதான். ஒரு நர்ஸ். கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட கணவன் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். மழையில் வேலிக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள் ஜன்னல் வழியே பார்க்கிறாள். அந்த இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். திறப்பாளா, மாட்டாளா என்று எங்கள் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வத்தலக்குண்டில் வாத்தியார். அவரும் அவர் அம்மாவும் மட்டும் முதல் பஸ்ஸில் வந்தார்கள். வரனைக் கொண்டுவந்த உபதேசியார் எங்கள் வழக்கப்படி முதலில் ஜெபம் செய்தார். அவர் ஜெபம் ஆரம்பித்தால் ஆதாம் ஏவாளிலிருந்து வருவார். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று நான் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தேன். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவர் அம்மாவின் பையிலிருந்து இந்த வார இதழ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு எனக்கு ஜெபம் எங்கே காதில் விழும்?

ஆமென் சொன்னதும் அம்மா நறுக்கி வைத்திருந்த பேரிக்காயையும் காபியையும் கொண்டுபோனேன். அந்த அம்மாள் என் அம்மாவிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார்.

"பஸ்ல வரயில படிச்சுக்கிட்டே வந்தேங்க. அந்த நர்ஸம்மா கதையப் படிக்கிறீகளா? இந்த வாரம் பாருங்க, அவ..."

"ஐயோ, சொல்லிராதீங்க!"

கத்தியது நான்தான். காபி தட்டில் சிந்திவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். ஏற்கனவே வந்த இரண்டு இடமும் பெண்ணுக்கு வாய் அதிகம் என்று கைகழுவிப் போனவைதான். மாப்பிள்ளை மட்டும் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, சொல்லல. நீ சொல்லு பாப்போம். அவ கதவத் தொறக்கணுமா, வேண்டாமா?"

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருக்கலாம். எனக்குத்தான் அது வராதே!

"தொறக்கணுங்க" என்றேன்.

"ஏன் தொறக்கணும்? ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு அவ பட்ட பாடு என்ன! இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நிக்கிறான்?"

"அதையே அவன்கிட்ட கேக்கட்டும். தொறந்தாத்தானே கேக்க முடியும்? ஏன் போனன்னு நல்லாக் கேட்டுட்டு, பிடிக்கலைன்னா மூடிக்கட்டும். கேக்காமலே இருந்தா ஆயுசுக்கும் அவளுக்குத்தான மனசுல கெடக்கும்?"

அப்பா இருமினார். உபதேசியார் கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த அம்மாள் காபித் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மழை இறங்குது. வெரசாக் கெளம்புனாத்தான் பஸ்ஸப் பிடிக்க முடியும். கலந்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்" என்று எழுந்துவிட்டார்.

அவர்கள் போன பிறகுதான் அம்மா சொன்னாள். அந்த அம்மாளின் கணவர், மகன் தவழ்கிற வயதில் பம்பாய்க்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. உபதேசியார் இதை அப்பாவிடமும் அம்மாவிடமும் முன்பே சொல்லியிருக்கிறார். பெண்ணிடம் எதற்கு என்று என்னிடம் மட்டும் மறைத்துவிட்டார்கள்.

எனக்கு அழுகை வந்தது. வரன் போனதற்கு அல்ல. அந்த அம்மாள் தம்ளரை வைத்த விதம் கண்ணிலேயே நின்றது. அப்பா என்னைத் திட்டவில்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு விடுதிக்குப் போனவர் இருட்டும் வரை திரும்பவில்லை. அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

சனிக்கிழமை இதழ் கைக்கு வந்தது. அந்த அத்தியாயம் முழுக்க நர்ஸ் பழசையெல்லாம் நினைத்துப் பார்க்கிறாள். கதவு அப்படியேதான் இருக்கிறது. மறுபடியும் 'தொடரும்'. இதைச் சொல்லத்தான் அந்த அம்மாள் வாயெடுத்திருக்கிறார். இதற்குப் போயா கத்தினோம் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம், வத்தலக்குண்டு பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் சுருட்டிய வார இதழ். பூக்கட்டுகிற வாழைநாரால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. கூடவே இலையில் சுற்றிய மல்லிகைப்பூ.

"கீழ வாத்தியாரோட அம்மா குடுத்து விட்டாங்க. கடைக்குப் புஸ்தகக் கட்டு வந்ததும் மொதப் பிரதி இதுதானாம். அவுக இன்னும் பிரிக்கலையாம். பாப்பா மொதல்ல படிச்சிட்டு, கதை எப்படின்னு சொல்லணுமாம்" என்றார்.

அம்மா பூவை வாங்கிக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் முடிச்சை அவிழ்த்தேன். அவிழ்க்க நேரமாயிற்று. அத்தனை இறுக்கம். எங்கே கை துறுதுறுத்துத் தானே பிரித்துவிடுவோமோ என்று பயந்து போட்ட முடிச்சு என்று எனக்குப் புரிந்தது. இந்தக் கதையின் அடுத்த வரியைத் தெரிந்துகொள்ள இந்த உலகத்தில் யாருக்காவது முதல் உரிமை உண்டென்றால் அது அவருக்குத்தான். அதை என் கையில் கொடுத்துவிட்டார்.

நின்றுகொண்டே படித்தேன். நர்ஸ் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறாள். அங்கே யாரும் இல்லை. மழை மட்டும் பெய்கிறது. முற்றும்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த எழுத்தாளர் எதிரில் இருந்திருந்தால் பேரிக்காயால் அடித்திருப்பேன். திறக்கச் சொன்ன என்னையும் ஏமாற்றி, கூடாது என்ற அந்த அம்மாளையும் ஏமாற்றிவிட்டார்.

மறுநாள் வெள்ளனே அப்பாவே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். இதழை அதே நாரால் கட்டி, ஒரு பை பேரிக்காயோடு கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தார். கூடவே நான் சொல்லச் சொன்னதையும் சொல்லி அனுப்பினார்: "முடிவு சரியில்ல. நேர்ல வந்து சண்டை போடுறேன்."

அந்தச் சண்டை கல்யாணத்துக்கு மறுநாள் ஆரம்பித்தது. பத்து வருடமாகியும் முடிந்தபாடில்லை. வியாழக்கிழமைகளில் இதழை வாங்கிவரும் அத்தை இன்றும் அதைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டுகிறார். மாமா இதுவரை வரவில்லை. ஆனால் ஒரு மழை நாளில், கையில் கதையை வைத்துக்கொண்டு அத்தை திடீரென்று சொன்னார்: "வந்தா தொறந்துதான் கேப்பேன். நீ பக்கத்துல நில்லு."

எத்தனையோ கதைகளின் முடிவு மறந்துவிட்டது; அந்த நார் முடிச்சை அவிழ்த்த நேரம் மட்டும் இன்னும் என் விரல்களில் இருக்கிறது.