‘ஏலே’ சொல்ல வராத ஜமீன்தார்

நடிப்பதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டால் நடிகர்கள் ஆத்ம திருப்தி என்பார்கள். எங்கள் அலுவலக நாடகத்தில் நடித்தவர்களுக்கு அதைவிடத் தெளிவான நோக்கங்கள் இருந்தன. அதிகாரிக்குக் கைதட்டல் வேண்டும். மற்றவர்களுக்கு அதிகாரியின் தயவு வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசி. குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் மேலதிகாரிகள் குடும்பத்தோடு குளிக்க வந்துவிடுவார்கள். அவர்களை மகிழ்விக்கத் தென்காசியில் நாங்கள் நாடகம் போடுவோம். அந்த ஆண்டு வேலைக்காரன் வேஷத்தை அதிகாரி எடுத்துக்கொண்டார். சிரிப்பெல்லாம் அதில்தான் இருந்தது. ஜமீன்தார் வேஷத்துக்கு, உயரமும் குரலும் உள்ள கடையத்துக்காரர் ஒருவரைப் பிடித்தார். தற்காலிகக் குமாஸ்தா. அவரை நிரந்தரமாக்கும் சிபாரிசு அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மறுக்க முடியுமா?

ஜமீன்தாரின் முதல் வசனம், “ஏலே, இங்கன வா.” ஒத்திகையில் அவர் ‘ஏலே’ வரை வருவார். அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும், “வாங்கய்யா” என்று முடித்துவிடுவார்.

“என்னவே, வேலைக்காரனுக்கு மனுவா கொடுக்கீரு?” என்றார் அதிகாரி. “நாளைக்கும் சொல்ல வரலன்னா வேஷமும் கெடையாது, சிபாரிசும் கெடையாது.”

அன்று மாலை அவர் ஐந்தருவிக்குப் போனார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, அருவியை ‘ஏலே’ என்று கூப்பிட்டுப் பழகினார். குளிக்க வந்தவர்கள் சற்று விலகி நின்றார்களாம்.

மேடையில் வசனம் பிசிறில்லாமல் வந்தது. மேலதிகாரி தொடையில் தட்டிச் சிரித்தார். எங்கள் அதிகாரியின் மனைவி அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். கைதட்டல் முழுவதும் ஜமீன்தாருக்கு. ‘ஒன்ஸ்மோர்’ என்றார்கள். அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். அதிகாரி இன்னொரு முறை ஓடி வந்தார்.

மறுநாள் அதிகாரி எங்கள் எல்லோரையும் தம் அறைக்கு அழைத்தார்.

“எங்கவே, நேத்துச் சொன்னத இப்பம் சொல்லும்.”

“ஐயா, அது நாடகம்யா,” என்றார் குமாஸ்தா.

“சொல்லும்வே. உத்தரவு.”

சொன்னால் அவமரியாதை, சொல்லாவிட்டால் உத்தரவை மீறியது. இரண்டுக்கும் விதி உண்டு. குமாஸ்தா, சுவரோரம் வரிசையாக நின்ற எங்களைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது.

“ஏலே, இங்கன வா.”

முந்தின நாளைவிட நன்றாக இருந்தது. யாரும் கைதட்டவில்லை.

தற்காலிகப் பணியாளரை நீக்கக் காரணம் எழுத வேண்டியதில்லை. ஒரு வரி போதும். அதை நான்தான் தட்டச்சு செய்தேன். அதுவும் பிசிறில்லாமல் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர் நகரவில்லை. பிள்ளைகுட்டிகளைச் சொல்லி அழப்போகிறார் என்று நான் ஒரு ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

“அண்ணாச்சி,” என்றார், “வாசல்ல ஜீப் டிரைவர் நின்னாருல்லா, அவருக்குக் கேட்டிருக்குமா?”

“நல்லாக் கேட்டுச்சாம்,” என்றேன்.

ஜமீன்தாரைப் போல ஒரே ஒரு முறை தலையை அசைத்துவிட்டு, கடையம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.